நான் திருத்தாமல் விட்ட ஒரு சொல்

மகன்,

நீ புறப்பட்டுப் போய் இன்றோடு பதினொரு நாள். போகிற அன்று காலையில், பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு, செருப்பைப் போட்டபடி வாசலில் நின்று கேட்டாய்: "அம்மா, முதல் நாள் அந்தக் கதிரையில ஏறி இருக்கேக்க என்ன செய்யவேணும்? ஒண்டாவது சொல்லுங்கோ." முப்பது வருடத்துக்கு மேல் நீதிபதியாக இருந்த தாயிடம், நீதவானாகப் போகும் மகன் கேட்ட கேள்வி அது. "தண்ணிப் போத்தலை மறக்காமல் கொண்டு போ" என்றேன். நீ சிரித்தாய். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றாய். நான் சொல்லவில்லை. கார் வளைவில் திரும்பும் வரை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே வந்து நீ குடித்த கோப்பையைக் கழுவி வைத்தேன். அதற்குப் பிறகு நாளுக்கொரு தடவை தொலைபேசியில் கதைக்கிறோம். சாப்பாடு, குவாட்டர்ஸ் கூரை ஒழுகுகிறதா, பாம்பு பூச்சி உண்டா, அவ்வளவுதான். நீ கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. பதில் நீளமானது. நேரே சொல்ல எனக்கு ஏலாது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து ஆட்கள் எல்லோரும் போன பிறகு, குசினி வாசலில் வைத்து நீ ஒன்று சொன்னாய். ஞாபகம் இருக்கும். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை அம்மா நீங்கள். வீட்டிலயும் கோட்டில இருக்கிற நீதிபதிதான் நீங்கள்." நீ சொன்னது சரி. அது சரியென்று தெரிந்தும் எனக்கு வலிக்கவில்லை. பல்லுக்கு விறைப்பூசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால், அங்கே கன்னம் இருப்பது விரலுக்குத் தெரியும். கன்னத்துக்கு விரல் தெரியாது. அப்பாவோடு முப்பத்துநான்கு வருடம் வாழ்ந்தேன். அவர் கணக்குப் பாட ஆசிரியர், நல்ல மனிதர், நான் ஊர் ஊராக மாற்றலாகித் திரிந்த காலம் முழுக்க உன்னை இங்கே வைத்து வளர்த்தவர். அவருடைய கால்விரலில் நூல் கட்டியபோதும் அந்தக் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இது எங்கே தொடங்கியது என்று உனக்குச் சொல்லவேண்டும். ஏனென்றால் நீ இருக்கிற கதிரையிலும் இது தொடங்கலாம்.

மேல் நீதிமன்றத்தில் நான் முதன்முதலாக மரண தண்டனை கொடுத்த நாளைப் பற்றி ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். நீ கேட்டதில்லை. தீர்ப்பை வாசித்து முடித்ததும் மின்விசிறிகளை நிப்பாட்டுவார்கள், விளக்குகளை அணைப்பார்கள், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நீதிபதி தண்டனையை வாசித்து, கையெழுத்துப் போட்டு, அந்தப் பேனையை முறிப்பார். இந்த நாட்டில் இப்போது தூக்கில் போடுவதில்லை, அந்த ஆள் சாகும்வரை சிறையில், மறியலில் கிடப்பான். ஆனாலும் வாசிப்பது அந்த வசனத்தைத்தான். அன்று எனக்குத் தெரிந்தது, விசிறி நின்றதும் அங்கியின் கழுத்துப் பட்டிக்குள் வியர்வை இறங்கியது மட்டுந்தான். கீழே ஒரு தாய் கத்தினாள். நான் அறைக்குப் போய், கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தையும் சம்பலையும் சாப்பிட்டேன். முழுவதையும் சாப்பிட்டேன். "அம்மாவுக்கு முகமே மாறேல்லை" என்று மன்றின் ஒழுங்கைப் பார்க்கிற கோட்டு முதலியார் வெளியே யாருக்கோ சொல்வது கேட்டது. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இந்த வேலைக்கு நான் பொருத்தமானவள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அது இலகுவானது. நீ இதைக் கவனிக்கவேண்டும், மகன். இலகுவாகிறது என்றால் அங்கே ஏதோ செத்துக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்.

இனி நான் சொல்ல வந்த வழக்கு. உனக்கு அப்போது ஒன்பது வயது. சண்டை நின்றும் நிற்காமலும் இருந்த காலம். நான் சிங்களத்தில் வழக்கு நடக்கிற ஒரு மாவட்டத்தில் மேல் நீதிமன்ற நீதிபதி. இந்தக் கடிதம் வேறு கைகளுக்கும் போகும் என்பதால் அந்த மாவட்டத்தின் பெயரை எழுதவில்லை, உனக்குத் தெரியும். குற்றம் நடந்தது நம்முடைய திருகோணமலைத் துறைமுகத்தில். மீன் ஏற்றும் இறங்குதுறையில் ஒரு படகுச் சொந்தக்காரர் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். அன்று காலையில் அவரோடு வாய்த் தகராறுபட்டவர் கந்தளாயைச் சேர்ந்த ஒரு லொறிச் சாரதி. ஐஸ் பெட்டிகள் பிந்தி வந்ததால் மீன் பழுதானது பற்றிய சண்டை. சாரதி சிங்களவர், செத்தவர் தமிழர். ஊரில் வைத்து விசாரித்தால் வீண் பதற்றம் வரும் என்று வழக்கை என் மன்றுக்கு மாற்றினார்கள். நான் இந்த ஊர்க்காரி என்பதை இரண்டு தரப்புக்கும் சொன்னேன். எவரும் ஆட்சேபிக்கவில்லை. அந்த மன்றில் வேலை பார்த்தவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மொழிபெயர்ப்பாளர், மற்றது நான்.

கண்ணால் கண்ட சாட்சி ஒருவர்தான். கிண்ணியாவைச் சேர்ந்த வலை பொத்துகிற ஒரு மனிதர். ஐம்பது வயது இருக்கும், தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு கூட்டில் ஏறினார். மஃரிபு நேரம், வெளிச்சம் மங்கி வந்தது, இறங்குதுறையின் மறுகோடியில் இருந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு ஆள் ஓடினதைப் பார்த்தாராம். அரச சட்டத்தரணி சிங்களத்தில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "ஓடினது இந்த எதிரிதானோ?" சாட்சி, குற்றம் சாட்டப்பட்ட சாரதி நின்ற எதிரிக்கூட்டைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். "அவரக் கண்ட மாதிரித்தான் இருந்திச்சு" என்றார். மொழிபெயர்ப்பாளர் தட்டெழுத்தாளர் பக்கம் திரும்பி, சிங்களத்தில், "ஓம், அவரைத்தான் கண்டேன்" என்றார். தட்டெழுத்துச் சத்தம் கேட்டது. பதிவாகிவிட்டது.

நான் பேனையைத் தூக்கினேன். "மாதிரி" என்ற சொல் என் காதில் தெளிவாக விழுந்தது. எதிரியின் சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது. அரச சட்டத்தரணிக்கும் தெரியாது. எதிரிக்கூட்டில் நின்ற சாரதிக்கும் தெரியாது. வாயைத் திறந்து, "சாட்சி சொன்னது அதல்ல" என்று நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லியிருந்தால், மொழிபெயர்ப்பாளரை மாற்றவேண்டும், முன்னால் சொன்னதையெல்லாம் திரும்பச் சரிபார்க்கவேண்டும், அன்றைய நாள் அங்கேயே போய்விடும். அன்று வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு அப்பா தொலைபேசி எடுத்திருந்தார். உனக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியில் வைத்து மூன்றாம் நாள். "பிளேட்லெட் இன்னும் இறங்குது. நீர் வெளிக்கிட்டு வந்தால் நல்லம்" என்றார். அவர் அப்படிக் கேட்கிற மனிதர் அல்ல. மதியத்துக்கு முன் அந்தச் சாட்சியை முடித்தால் பொழுதுபடுவதற்குள் திருகோணமலைக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்தைந்து. குறுக்கு விசாரணையில் எப்படியும் இது வெளியே வரும் என்று எனக்கு நானே சொன்னேன். தமிழ் நீதிபதி தமிழ்ச் சாட்சிக்குச் சொல் எடுத்துக் கொடுக்கிறாள் என்று பேச்சு வரும் என்றும் சொல்லிக்கொண்டேன். பேனையைக் கீழே வைத்தேன். எதிரியின் சட்டத்தரணி எழுந்து தூரத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டு இருந்துவிட்டார். "கண்டேன்" என்று பதிவாகிவிட்ட பிறகு அவர் வேறு எதைக் கேட்பார்?

சூரியன் விழ முன்னர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். நீ சேலைன் ஏறும் கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அப்பாவின் கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாய். உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும், "அம்மா, இண்டைக்குக் கோடு இல்லையோ?" என்று கேட்டாய். "முடிஞ்சுது" என்றேன். அடுத்த நாள் உன் பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை நீ கஞ்சி வேண்டாம், பாண்தான் வேண்டும் என்று அழுதாய். அப்பா சந்தோசத்தில் கீழே கடைக்கு ஓடினார். நானும் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமை விடிய நான் திரும்பிப் போய்விட்டேன்.

உன்னைக் காரணமாக நான் சொல்லவில்லை. இதை நீ நன்றாக விளங்கிக்கொள்ளவேண்டும். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. வழக்கை அந்த நிமிடமே தவணை போட்டுவிட்டு உன்னிடம் ஓடி வந்திருக்கலாம். அல்லது இருந்து அந்தச் சொல்லைத் திருத்திவிட்டு, பிந்தி வந்திருக்கலாம். நல்ல தாயாக இருந்தால் முதலாவதைச் செய்திருப்பேன், நல்ல நீதிபதியாக இருந்தால் இரண்டாவதை. நான் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் செய்தேன். அதைவிட மோசமானது அதற்குப் பிறகு நடந்தது. தீர்ப்பு எழுத எனக்கு நாலு மாதம் இருந்தது. சாட்சியைத் திரும்ப அழைக்க எனக்கு அதிகாரம் இருந்தது, உனக்கும் சட்டப் பிரிவு தெரியும். பதிவுத் தாள்களை விரித்து வைத்து வாசித்தபோது, அங்கே "அவரைத்தான் கண்டேன்" என்று இருந்தது. மூன்றாம் தடவை வாசித்தபோது, நான் கேட்டது ஒருவேளை பிழையோ என்று தோன்றியது. ஐந்தாம் தடவை, சாட்சி அப்படித்தான் சொன்னார் என்றே ஆகிவிட்டது. தாளில் இருப்பதை நம்புவது சுகம். அதன்படி தீர்ப்பை எழுதினேன். நல்ல மொழியில், ஓட்டை இல்லாமல் எழுதினேன்.

தண்டனை வாசித்த அன்று சாரதியுடைய மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். மகளுக்கு உன்னைவிட ஒரு வயது குறைவாக இருந்திருக்கும். விசிறிகள் நின்றபோது அந்தப் பிள்ளை, "அம்மா, ஏன் காத்து நிண்டது?" என்று சிங்களத்தில் கேட்டது. மன்று முழுக்கக் கேட்டது. நான் வாசித்துக்கொண்டு போனேன்.

ஆறு வருடமும் சில மாதங்களும் கழித்து மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த நேரத்தில் அந்தத் தூரத்தில் ஆளை அடையாளம் காணப் போதிய வெளிச்சம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். மொழிபெயர்ப்புப் பற்றி அங்கே எவருக்கும் தெரியாது. தீர்ப்பின் பிரதி எனக்கு வந்தபோது நான் வேறு மாவட்டத்தில் இருந்தேன். வாசித்தேன், கோப்பில் போட்டேன், அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னேன். அவர் மறியலில் இருந்தபோது மனைவி செத்துப்போனாள் என்பதைப் பிறகு ஒரு சட்டத்தரணி தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

அப்பா போன பிறகு, போன வருடம், கண்டியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பி வருகிற வழியில், கந்தளாய்க் குளக்கட்டுப் பக்கம் தயிர் வாங்கக் காரை நிற்பாட்டினேன். தெருவோரத்தில் வரிசையாகச் சட்டிகள். "இண்டையான் தயிரோ?" என்று சிங்களத்தில் கேட்டேன். சட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மனிதரின் கை நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மயிர் முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எனக்கு ஆளைத் தெரியவில்லை. அவர் சிங்களத்தில் சொன்னதை நம்முடைய தமிழில் எழுதுகிறேன், அம்மணி என்று பொருள்படும் நோனா என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டு.

"நோனா கோட்டில இருந்தவவோ?"

"ஓம்."

"குரல் மாறேல்லை" என்றார். தன் பெயரைச் சொன்னார், அந்த லொறிச் சாரதி. பிறகு கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சைப் பார்த்து, சட்டியை என் கையில் தந்தார். அதில் கோபம் ஒன்றும் இருக்கவில்லை. எனக்கும் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டியைக் குசினி மேசையில் வைத்தேன். மூன்றாம் நாள் அது புளித்து நுரைத்தபோது எடுத்து வெளியே ஊற்றினேன்.

இரண்டு கிழமை கழித்து பஸ்ஸில் அவருடைய தயிர்க் கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று என்னால் சொல்ல ஏலாது. மனச்சாட்சி உறுத்தியது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். எதுவுமே உறுத்தாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஒரு கதிரையைத் தட்டித் தந்தார். நான் இருக்காமல் நின்றபடியே சொன்னேன்.

"அந்தச் சாட்சி உங்களைக் கண்டனெண்டு சொல்லேல்லை. கண்ட மாதிரி இருந்தது எண்டுதான் தமிழில சொன்னவர். மொழிபெயர்க்கிறவர் பிழையாச் சொல்லிப்போட்டார். எனக்கு அப்பவே விளங்கினது. நான் திருத்தேல்லை."

ஒரு வான் வந்து நின்றது. அவர் இரண்டு சட்டிகளை இறக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து, உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்தார்.

"நோனா தமிழ் எண்டு லோயர் எனக்குச் சொன்னவர்" என்றார். "நான் அப்ப சந்தோசப்பட்டனான். தமிழ்ச் சாட்சி சொல்லுறது நோனாவுக்கு நேர விளங்கும், இடையில ஒரு பிழையும் வராது எண்டு நினைச்சனான்."

மகன், என் வாழ்நாளில் என்னைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். பிரியாவிடைக் கூட்டங்களில் மாலை போட்டு, மணித்தியாலக் கணக்கில் பேசியிருக்கிறார்கள். அந்த மனிதர் என்மேல் வைத்த நம்பிக்கை போல ஒன்றை எவரும் வைத்ததில்லை.

பிறகு அவர் ஒரு உதவி கேட்டார். மகள் அவரோடுதான் இருக்கிறாள், ஒரு மருந்துக்கடையில் வேலை. அவர் விடுதலையாகி வந்த நாளில் இருந்து தேவைக்குத்தான் கதைப்பாள். தகப்பன் செய்ததுதான், லோயர் கெட்டித்தனத்தால் தப்பி வந்தவர் என்று ஊர் சொல்வதை அவளும் நம்புகிறாள். "நான் சொன்னால் எடுபடாது. நோனா வந்து சொன்னால் நம்புவாள்" என்றார். "நோனாதானே முதல் சொன்னது, நான் கொலைகாரன் எண்டு."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

ஏழு மாதம் யோசித்தேன். நீ நீதவான் பதவிக்கு விண்ணப்பித்து நேர்முகத்துக்குக் காத்திருந்த காலம் அது. தாய் இப்படியொரு விசயத்தை வாயால் ஒப்புக்கொண்டாள் என்று வெளியே கதை போனால் உன்னுடைய பெயருக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன். நேர்முகம் முடியட்டும் என்றேன். பிறகு, நியமனம் வரட்டும் என்றேன். பிறகு, நீ போய்ச் சேரட்டும் என்றேன். முதல் தடவை உன் காய்ச்சலைச் சாட்டினேன், இரண்டாவது தடவை உன் வேலையைச் சாட்டினேன். நீ போன அன்று கோப்பையைக் கழுவி வைத்தபோதுதான், இனிமேல் சாட்டுவதற்கு உன்னிடம் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது விளங்கியது.

போன செவ்வாய்க்கிழமை போனேன். பழைய சீனித் தொழிற்சாலைப் பக்கம், தகரம் போட்ட இரண்டு அறை வீடு. மகள் மருந்துக்கடையில் அரை நாள் லீவு போட்டிருந்தாள். முகம் ஒடுங்கிய, அமைதியான பிள்ளை. பால் இல்லாத தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தகப்பனுக்குத் தூரத்தில் ஒரு வாங்குப் பலகையில் இருந்தாள். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். உன் காய்ச்சலைச் சொல்லவில்லை, அது அவர்களுக்குத் தேவையில்லாதது. மணிக்கூட்டைப் பார்த்ததைச் சொன்னேன். பேனையைக் கீழே வைத்ததைச் சொன்னேன். அவள் இடையில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப, அப்பா அதைச் செய்யேல்லையோ?"

தகப்பன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை அழைத்தது அந்தப் பதிலுக்காகத்தான். "இல்லை, செய்யவில்லை" என்று சொல்வது மிக இலகுவாக இருந்திருக்கும். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது நல்லதாக முடிந்திருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்தது, அவர்மேல் வழக்கு நிரூபிக்கப்படவில்லை என்பது மட்டுந்தான். நான் அந்த இறங்குதுறையில் நிற்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் ஒரு தடவை சொல்லித்தான் அவரை ஆறு வருடம் உள்ளே வைத்தேன்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றேன்.

தகப்பன் கண்ணை நிலத்துக்கு இறக்கினார். அவளுடைய முகத்தில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. "நீங்கள் நீதிபதி. உங்களுக்குத் தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியும்?"

"உங்கட அப்பாவுக்குத் தெரியும்" என்றேன். "அவரைக் கேட்டனீங்களோ?"

அவள் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கேட்டதில்லை என்பது அந்த இருப்பிலேயே தெரிந்தது. இத்தனை வருடமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவள் கேட்கவில்லை, கேட்காததால் அவரும் சொல்லவில்லை. அவரைப் பார்க்காமலே, நிலத்தைப் பார்த்தபடி, "சொல்லுங்கோ" என்றாள்.

"நான் செய்யேல்லை, மகள்" என்றார் அவர். "காலையில சண்டை பிடிச்சது மெய். கெட்ட வார்த்தையும் பேசினனான். பின்னேரம் நான் அங்க இல்லை. லொறியோட பாலையூத்தில நிண்டனான், ரயர் காத்துப் போய். ஒருத்தரும் காணேல்லை. நான் செய்யேல்லை."

இதே வார்த்தைகளை அவர் என் முன்னால் எதிரிக்கூட்டில் நின்று சொல்லியிருக்கிறார். சத்தியம் செய்யாமல் சொல்கிற வாக்குமூலம் என்பதால் தீர்ப்பில் நான் அதை ஒன்றரை வரியில் தள்ளிவிட்டுப் போனேன். பாலையூற்று என்ற பெயர்கூட அதில் இருந்தது. அன்று எழுதியெடுத்தேன், கேட்டது போன செவ்வாய்க்கிழமைதான். கேட்டபோது எனக்கு என்ன நடந்தது என்று நீ கேட்பாய். கை குளிர்ந்தது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தேன், சூடு தெரியவில்லை, கீழே வைத்துவிட்டேன். அவ்வளவுதான். அது போதுமா என்று எனக்குத் தெரியாது.

அவள் நம்பினாளா என்றும் எனக்குத் தெரியாது. அதற்குமேல் அங்கே இருக்க எனக்கு உரிமை இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன். நான் படியிறங்கும்போது, "எந்த இடத்தில காத்துப் போனது? கோயிலடியோ?" என்று அவள் தகப்பனிடம் கேட்பது கேட்டது. அவர் பதில் சொல்லத் தொடங்கியிருந்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சத்தியக்கடதாசியாக எழுதி, கையெழுத்து வைத்து, அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒரு பிரதி கந்தளாய்க்குப் போயிருக்கிறது. இன்னொன்று இதோடு இருக்கிறது. அவரை ஏற்கெனவே விடுதலை செய்துவிட்டார்கள் என்பதால் சட்டப்படி இதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் கதை வரும். உன் காதுக்கும் வரும். ஒருவேளை உன்னைக் கூப்பிட்டும் கேட்பார்கள். "அம்மா எழுதியது உண்மைதானோ" என்று கேட்டால் ஓம் என்று சொல். எனக்கு வயதாகிவிட்டது, உன் அப்பா செத்த பிறகு மனம் சரியில்லை என்று எவராவது உனக்கு வழி காட்டித் தந்தால், அந்த வழியில் போகாதே. உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம். உன்னிடம் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

இனி, நீ வாசலில் நின்று கேட்டதற்கு வருகிறேன். உனக்குக் களைப்பாக இருந்தால், வீட்டில் இருந்து ஒரு செய்தி வந்தால், அதை மறைத்துக்கொண்டு வழக்குக் கேட்காதே. "இன்று என்னால் ஏலாது" என்று திறந்த மன்றில் சொல்லிவிட்டுத் தவணை போடு. சட்டத்தரணிகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். பதிவில் இல்லாதது நடக்கவில்லை என்று சொல்லித்தருவார்கள். உன் காதில் விழுந்தது நடந்ததுதான். எவராவது உன்னைப் பார்த்து, முகமே மாறாத நீதவான் என்று புகழ்ந்தால், அன்று வீட்டுக்குப் போய் யாரோடாவது கதை. என்னோடு என்றாலும் கதை. என்னிடம் இருந்து நல்ல பதில் வராது, ஆனால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்த மாதம் ஒரு நாள் உன் ஊருக்கு வர நினைக்கிறேன். உன் மன்றில் பார்வையாளர்கள் இருக்கிற இடத்தில், ஒரு காலைப்பொழுது இருந்து, நீ வழக்குக் கேட்பதைப் பார்க்கவேண்டும். முன்னாள் நீதிபதி வந்திருக்கிறார் என்று எவருக்கும் சொல்லவேண்டாம், தேத்தண்ணி அனுப்பவேண்டாம். எனக்கு இதைவிட வேறு ஆசை ஒன்றும் இப்போது இல்லை. இதையெல்லாம் வாசித்த பிறகு நான் அங்கே இருப்பது உனக்குப் பாரமாக இருக்கும் என்றால், வேண்டாம் என்று ஒரு சொல் அனுப்பு. காரணம் எழுதத் தேவையில்லை.

அம்மா